‘நான்’னு சொல்ல வருதா? அப்போ ஈவ் சான் லோரானும் வரும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு நாக்கைச் சுளுக்க வைக்கற மேக்கப், ஸ்கின்கேர் பிராண்டு பேருங்க. நாம இதையெல்லாம் இங்கிலீஷா வாசிக்கறோம், அங்கதான் சறுக்குது. பிரெஞ்சுக்கு வேணும்கற சத்தத்துல பாதி நம்ம பேச்சுத் தமிழ்லயே இருக்கு.

“யாரது?”ன்னு கேட்டா “நான்”னு சொல்லுவீங்கல்ல, இப்ப சொல்லிப் பாருங்க. கடைசி ‘ன்’னுக்கு நாக்கு மேல போய் ஒட்டாது. சத்தம் மூக்கு வழியா போய் நின்னுடும். லோரான்ல வர்ற ‘ரான்’ அதேதான். நடுவுல இருக்கற ‘சான்’, பேச்சுல ‘அவன்’னு சொல்றப்ப முடியுதே, அந்த முடிவு. 1828ல பாரிஸ்ல ஆரம்பிச்ச கெர்லானுக்கும் அவன் முடிவுதான், நான் முடிவு இல்ல.

லான்கோம்ல மூக்குச் சத்தமும் இருக்கு, உதடு மூடற எம்மும் இருக்கு. முதல் ‘லான்’ மூக்குல. ‘கோம்’ முடியறப்ப உதடு நல்லா மூடணும், ஏன்னா அந்த எம்முக்குப் பின்னாடி ஒரு ஈ எழுத்து நிக்குது. அவென்லயும் அதே கதைதான், என்னுக்கு அப்புறம் ஈ, அதனால நாக்கு ஒட்டணும். ஓவன் இல்ல, அவன் இல்ல, அவென்.

இதுல நமக்குன்னே ஒரு தப்பு இருக்கு. மூக்குச் சத்தத்துக்குப் பின்னாடி ‘க’ வந்தா சங்கு மாதிரி ‘ங்க’ ஆக்கிடுவோம், ‘லாங்கோம்’னு வந்துடும். ‘லான்’ சொல்லி ஒரு நொடி நிறுத்தி, கல்லுல வர்ற ‘க’வை வைங்க. நாலு தடவை சொன்னதும் இடைவெளியை எடுத்துடலாம்.

அடுத்து கோதலி. இங்கிலீஷ் ‘டி’ன்னு நினைச்சு ‘ட’ போட்டீங்கன்னா மரம் வெட்டப் போகலாம்! பிரெஞ்சு டி, பல்லுல நாக்கு படற நம்ம ‘காது’ல வர்ற து. ஏ, யூ சேர்ந்தா ‘ஓ’. லோக்சிதான்லயும் ‘த’தான், ஆனா தலையில வர்ற அழுத்தமான த.

நம்மகிட்ட இல்லாத சத்தம் ஷிவான்ஷியோட முதல் எழுத்து. ‘ஜ’ இல்ல. ‘ஜ’வுக்கு நாக்கு மேல ஒட்டிப் பிரியும், இதுக்கு ஒட்டவே கூடாது. தொண்டையில ரெண்டு விரல் வச்சு ‘ஷ்ஷ்ஷ்’னு இழுங்க, அதிராது. நாக்கை அசைக்காம குரலை மட்டும் சேருங்க. விரலுக்கு அதிர்வு தெரிஞ்சா வந்துடுச்சு. லனேஷ் கடைசியிலயும் அதுதான். அது கொரியா கம்பெனி, ஆனா பேர் பிரெஞ்சுல பனி. இதே வேலையை ‘ஸ்’க்குப் பண்ணினா வண்டு ரீங்காரம் வரும், லா ரோஷ் போஸேல ‘ஸே’ அந்தச் சத்தம்.

ஈ எழுத்து மேல வலப்பக்கம் ஏறற கோடு இருந்தா ‘ஏ’ன்னு படிங்க. லோரேயால், க்ளோயே. 1952ல இந்தியாவுல ஆரம்பிச்ச லக்மேயும் அப்படித்தான். அது வேற யாரும் இல்ல, நம்ம லட்சுமியோட பிரெஞ்சு வடிவம்.

கடைசி எழுத்து எப்பவும் ஊமைன்னு சிலர் சொல்லித் தருவாங்க, நம்பாதீங்க. கார்னியேல ஆர் ஊமை. எர்மெஸ்ல முன்னாடி ஹெச்தான் ஊமை, கடைசி எஸ் கேக்கும். க்ளாரான்ஸ்லயும் எஸ் உண்டு.

ஜப்பான் பேருக்கு நம்ம குறில் நெடில் போதும். ஷிசேதோ: குறில், நெடில், நெடில். ‘சை’ கிடையாது. ஷூ உஎமுரல ‘ஷூ’ மட்டும் நெடில், மத்த நாலும் குறில், ஒண்ணையும் முழுங்காதீங்க.

இத்தாலி சட்டுனு முடிஞ்சிடும். சி-ஹெச் வந்தா ‘க’, அதனால மொஸ்கீனோ. வெர்சாச்சேல கடைசி ‘சே’யை விடக்கூடாது. புல்கரில வி மாதிரி தெரியறது பழைய லத்தீன் யூ.

COSRXனு எழுதியிருக்கற பிராண்டைக் காஸ்ரக்ஸ்னு படிக்காதீங்க, அப்படி ஒரு பேரே இல்ல. காஸ்மெட்டிக்ஸ்ல இருந்து காஸ், டாக்டர் சீட்டுல போடற ஆர்எக்ஸ். காஸ்-ஆர்-எக்ஸ்.

ஆனா ஒண்ணு, நம்ம ஊர் கடையில போய் கார்னியேன்னு கேட்டு நிக்காதீங்க. இங்க விளம்பரத்துலயே ‘கார்னியர்’னுதான் வருது. அங்க அப்படியே கேளுங்க, பொருள் கைக்கு வரும்.