முழுதாய்ப் போன வீடு

தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, பிள்ளைகளே,

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள், போர்க்காலத்தில் வன்னியில் குண்டுவீச்சுக்கு நாம் ஒளிந்த பதுங்குகுழியைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சளவு ஆழத்துக்கு மண்ணை வெட்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அவற்றின்மேல் மண்மூட்டைகளைப் போட்டு மூடுவோம். வாசலால் வரும் குண்டுச் சிதறல் நேரே உள்ளே பாயாதபடி ‘எல்’ எழுத்தைப்போல் மடித்து வெட்டுவோம். சாக்குக் கிடைக்காத கடைசி மாதங்களில் கூறைச்சேலையைக் கிழித்து மூட்டை தைத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். 2008 நவம்பரில் நிஷா புயலோடு பெய்த மழையில் குழிகள் நிரம்பியபோது, பாம்புக்குப் பயந்து வெளியே நிற்பதா, கிபிருக்குப் பயந்து தண்ணீருக்குள் இறங்குவதா என்று தெரியாமல் சனம் நின்றது.

கிபிர் இஸ்ரேலில் செய்த போர்விமானம். பின்னாளில் மிக்-27 வந்தபோதும், இரைந்துகொண்டு வேகமாய் வந்த எல்லாவற்றையும் நாம் கிபிர் என்றே சொன்னோம். முந்திய காலத்தில் சகடை என்று நாம் சொன்ன குண்டுவீச்சு விமானம் மெதுவாய் வரும், அடுப்பை அணைத்துப் பிள்ளைகளைக் கூப்பிட நேரம் தரும். கிபிர் அந்த நேரத்தைத் தரவில்லை.

வீட்டுக்கு ஒரு குழி என்பதே வழக்கமாக இருந்தது. குண்டு தள்ளி விழுந்தால் அது முழுக் குடும்பத்தையும் காக்கும், நேரே விழுந்தால் முழுக் குடும்பத்தையும் மூடும். இது எல்லோருக்கும் தெரியும். என் அயலில் ஒரு தகப்பன் இரண்டாவது குழி வெட்டத் தொடங்கினார். தாயோடு ஒரு பிள்ளை, தன்னோடு ஒரு பிள்ளை என்று பிரிந்தால் ஒருவராவது மிஞ்சுவார் என்பது அவருடைய கணக்கு. மனைவி சம்மதிக்கவில்லை. “இருந்தா எல்லாரும் இருப்பம், போனா எல்லாரும் ஒண்டாப் போவம்” என்றார். பாதி வெட்டிய குழிக்குள் பிறகு கோழிகள் படுத்தன. ஒரு காலையில் நால்வரும் ஒன்றாகவே போனார்கள்.

இதை விதியை நம்பியவர்களின் பேச்சு என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. தனியே மிஞ்சும் பிள்ளையை அடுத்த இடப்பெயர்வில் யார் கைபிடித்துக் கூட்டிப்போவார் என்று யோசித்துப் பார்த்த ஒரு தாயின் முடிவு அது.

ஆனால் முழுக் குடும்பமும் போனபின் முறையிடவும் ஆள் இல்லை. 1999 செப்டெம்பர் 15 அன்று புதுக்குடியிருப்பு மந்துவிலில் குண்டு விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, அவர்கள் பொதுமக்கள் என்று செஞ்சிலுவைச் சங்கம் சொன்னது. 2007 ஜனவரி 2 அன்று இலுப்பைக்கடவை படகுத்துறையில் மீனவக் குடிசைகள் எரிந்தபோது அது கடற்புலிகளின் தளம் என்று அரசு அறிவித்தது, மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு நேரில் போய்ப் பார்த்து இறந்தவர்கள் பொதுமக்கள் என்றார். 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகள் வன்னியைவிட்டு வெளியேறிய பின்னர், ஒரு தனி வளவில் விழுந்த குண்டுக்கு அயலவரைத் தவிரச் சாட்சி யார்? அந்த அயலவரும் மறுவாரம் வேறு ஊரில் இருந்தார்கள். இறப்புச் சான்றிதழ் கேட்பதற்கே உறவு என்று ஒருவர் வேண்டும்.

சடங்கிலும் இதே இடைவெளிதான். தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று வைத்திருக்கிறோம். விரதம் பிடிக்க வேண்டிய பிள்ளைகளும் அதே குழிக்குள் என்றால் இரண்டு நாளும் வெறுமனே கழிந்துபோகின்றன.

ஒன்றாய்ப் போன அந்த அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பில் விலகிய காரணம் என்று ஒரு நிரல் உண்டு. அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாய் விட்டேன். அந்த இடாப்பு விசுவமடுவரை என்னோடு வந்தது, அதற்கப்பால் இல்லை.

மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒருவரும் மிஞ்சாத வீடுகளை மட்டும் அதில் எழுதுங்கள்: பெயர், வயது, கடைசியாய் இருந்த வளவு, அயலில் இருந்தவர்கள். முதல் பக்கத்தில் அந்த நால்வரையும் நான் எழுதியிருக்கிறேன். இளையவனின் வயதில் மட்டும் எனக்குச் சந்தேகம். அவர்களுடைய வளவுக்கு மேற்கே இருந்தவர்கள் யாரேனும் வந்திருந்தால், போகுமுன் பார்த்துத் திருத்திவிடுங்கள்.