எந்த ஊடகத்தை எதற்காக நம்பியிருக்கிறோம்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நாளில் எத்தனை மணி நேரத்தை ஊடகங்களோடு கழிக்கிறோம் என்ற கேள்வி இப்போது எல்லா இடங்களிலும் எழுகிறது. நம்முடைய சார்பை, அதாவது ஊடகங்களை நாம் எவ்வளவு நம்பி வாழ்கிறோம் என்பதை, அளக்க அந்தக் கேள்வி போதாது என்பது என் கருத்து. மாலை முழுவதும் தொலைக்காட்சி பார்க்கும் ஒருவர், அது பழுதான நாளில் புத்தகத்தையோ பேச்சுத் துணையையோ நாடிப் பொழுதை நகர்த்திவிடுவார். ஆனால், நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே கைப்பேசியைத் தொடும் ஒரு முதியவருக்கு, வங்கி அனுப்பும் ஓடிபி எண்ணும், தொலைதூரத்தில் வாழும் மகளின் குரலும் அந்தச் சில நிமிடங்களில்தான் வந்து சேருகின்றன. இருவரில் அதிகம் சார்ந்திருப்பவர் அந்த முதியவரே.

சாண்ட்ரா பால்-ரோக்கீச், மெல்வின் டிஃப்ளூர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1976-இல் முன்வைத்த ஊடகச் சார்புக் கோட்பாடு இதைத் தெளிவாக விளக்குகிறது. நம் தேவைகளில் எத்தனை ஓர் ஊடகத்தின் வழியாக நிறைவேறுகின்றன, அவற்றை வேறு வழியில் நிறைவேற்றிக்கொள்ள முடியுமா என்பவற்றைப் பொறுத்தே சார்பு கூடவோ குறையவோ செய்கிறது என்றும், சமூகத்தில் மாற்றமும் மோதலும் மிகுந்திருக்கும் காலங்களில் அது மேலும் இறுகுகிறது என்றும் அவர்கள் கூறினார்கள்.

இந்தக் கோட்பாடு பிறப்பதற்கு முன்பே, நியூயார்க் நகரம் இதைப் பட்டறிந்திருந்தது. 1945-ஆம் ஆண்டுக் கோடையில், அங்கே செய்தித்தாள் விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால், இரண்டு வாரங்களுக்கும் மேலாகப் பெரும்பாலான வீடுகளுக்கு நாளிதழ் வரவில்லை. அந்த நாட்களில் பெர்னார்ட் பெரல்சன் என்னும் ஆய்வாளர் வாசகர்களைச் சந்தித்து, செய்தித்தாள் இல்லாதது அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று விரிவாகக் கேட்டறிந்தார். நாட்டு நடப்பை அறிய நாளிதழ் இன்றியமையாதது என்று பலரும் உறுதியாகச் சொன்னார்கள். எந்தச் செய்தியைத் தொடர முடியாமல் தவிக்கிறீர்கள் என்று குறிப்பாகக் கேட்டபோதோ, அவர்களில் பலரால் ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. வானொலி நிகழ்ச்சி நிரல், துணிக்கடை விளம்பரம், இறப்பு அறிவிப்பு ஆகியவை கிடைக்காமல் சிலர் திண்டாடினார்கள். வேறு சிலருக்கோ, என்ன எழுதியிருந்தாலும் சரி, அந்த நேரத்தில் படிப்பதற்கு ஏதாவது ஒன்று கையில் வேண்டியிருந்தது. எதற்காகச் சார்ந்திருப்பதாக நினைக்கிறோமோ அதுவும், உண்மையில் எதற்காகச் சார்ந்திருக்கிறோமோ அதுவும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய ஆய்வுகள் மிகச் சிலவே.

அதே வேலைநிறுத்தத்தின்போது, நகர மேயர் லா கார்டியா, நாளிதழ்களில் வரும் படக்கதைகளைக் குழந்தைகளுக்காக வானொலியில் நடித்தும் விளக்கியும் படித்துக் காட்டினார். ஓர் ஊடகம் நின்றபோது இன்னொன்று அதன் இடத்தில் கைகொடுத்தது. அவை தனித்தனிக் கருவிகளாக, தனித்தனி வழிகளில் வீட்டை வந்தடைந்ததால்தான் அது இயன்றது.

இன்றைய நிலை அப்படி இல்லை. செய்தி, இசை, கடிதம், வரைபடம், பணப்பரிமாற்றம், மருத்துவருக்கான முன்பதிவு, நண்பர்களின் தொலைபேசி எண்கள் ஆகிய அனைத்தும் ஒரே கருவிக்குள் வந்துவிட்டன. இந்த வசதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பார்வையற்ற ஒருவருக்கு எதிரிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் கைப்பேசி அவருக்குத் தந்திருக்கும் விடுதலை மிகப் பெரியது. ஆயினும், ஒவ்வொரு தேவைக்கும் முன்பிருந்த மாற்று வழி, பயன்படுத்துவாரின்றி மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. தேடினால் பிறகும் கிடைக்கும் என்று நம்பும் தகவலை மனம் அவ்வளவாகப் பதித்துக்கொள்வதில்லை என்பதையும், அது இருக்கும் இடத்தையே நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதையும் பெட்சி ஸ்பாரோவும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஆக, நம் நினைவாற்றல் என்னும் மாற்று வழியும் சிறிது சிறிதாகக் குறுகுகிறது.

2021 அக்டோபர் 4 அன்று, வழக்கமான பராமரிப்பின்போது நேர்ந்த ஒரு பிழையால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கட்டமைப்பில் இயங்குவதால், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை நாட முடியவில்லை. பழுதைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் உள்கருவிகள் பலவும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால், அவையும் செயலிழந்தன. பொழுதுபோக்குக்காக அவற்றைத் திறப்பவர்களுக்கு அது ஒரு சலிப்பான மாலை, அவ்வளவுதான். வாடிக்கையாளர்களின் ஆணைகளை வாட்ஸ்அப்பில் மட்டுமே பெற்றுவந்த சிறு வணிகர்களுக்கோ, அந்த நேரம் முழுவதும் கடையை அடைத்து வைத்ததற்கு ஒப்பானது.

2003 ஆகஸ்ட் 14 அன்று, வட அமெரிக்காவின் வடகிழக்கில் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரத்தை இழந்தபோது, தொலைக்காட்சிகள் இருண்டன. கைப்பேசி வலையமைப்புகள் நெரிசலில் திணறின. என்ன நடந்தது என்பதை மின்கல வானொலியும் காரிலிருந்த வானொலியுமே பலருக்கும் சொல்லின. வானொலியில் பேசுவதால் இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. தனித்து இயங்கும் எளிய கருவி ஒன்று வீட்டில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்காகவே சொல்கிறேன்.

நெருங்கியவர்களின் எண்களைத் தாளில் எழுதி வைப்பதும், மின்கல வானொலி ஒன்றைப் பேணுவதும் நம் ஒவ்வொருவராலும் முடியும். ஆனால், செயலி வழியாக மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்துவிட்டால், தனிமனிதரின் முன்னெச்சரிக்கைக்கு அங்கே இடமில்லை. எனவே மருத்துவமனை, வங்கி, அரசு அலுவலகம் போன்ற இன்றியமையாத இடங்களில், கைப்பேசி இல்லாமல் வருபவரும் நேரில் பேசித் தம் காரியத்தை முடித்துக்கொள்ளும் ஒரு முகப்பு திறந்திருக்க வேண்டும் என்றும், அங்கே பதில் சொல்ல ஒரு மனிதர் அமர்ந்திருக்க வேண்டும் என்றும் நாம் உரிமையோடு கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.