ஒரே வீடு, ஒரே சிலிண்டர், ஓட்டு மட்டும் ஏன் வேறு?

அடுத்த கேள்வி ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. அப்படியே படிக்கிறேன். “பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். என் மளிகைச் சீட்டில் ஒன்றுமே குறையவில்லை. நானும் மாமியாரும் ஒரே சமையலறையில்தான் இருக்கிறோம். தேர்தல் வந்தால் மட்டும் நான் ஒரு கட்சி, அவர் ஒரு கட்சி. விலைவாசி ஓட்டை மாற்றும் என்கிறீர்களே, எங்கள் வீட்டில் ஏன் இப்படி?”

முதல் பாதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். போன வருடம் 100 ரூபாய்ப் பொருள் 106 ஆனது, இந்த வருடம் 109 ஆகிறது என்றால், செய்தியில் ‘குறைந்தது’ என்றுதான் வரும். நீங்கள் கொடுப்பது 109. அப்புறம், பணவீக்கத்தைக் கணக்கிட 2012-ஐ அடிப்படையாக வைத்துப் போட்டிருந்த நுகர்வோர் விலைக் குறியீட்டில், மொத்தச் செலவில் கல்விக்கு 5 சதவீதப் பங்குகூட இருக்கவில்லை. இரண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்த வீட்டுக்கு ஜூன் மாதம் எப்படிப் போகும்? உங்கள் மளிகைச் சீட்டு சொல்வது சரிதான் அம்மா.

ஓட்டு விஷயத்துக்கு வருவோம். எல்லா விலையும் ஓட்டுச்சாவடி வரைக்கும் வருவதில்லை. யார் ஏற்றியது என்று கைகாட்ட முடிகிற விலைதான் வருகிறது. சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் சென்னையில் 1,118 ரூபாய் 50 காசு. ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஐந்து மாநிலங்களுக்குத் தேர்தல். 2024 மார்ச் 8, மகளிர் தினத்தன்று இன்னொரு 100 குறைந்தது. எட்டு நாளில் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பு வந்தது. தேர்தல் முடிந்து மறு வருடம் ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது. அடுப்படியில் இருப்பவர்களின் கோபம் எவ்வளவு தூரம் போகும் என்று ஆட்சியில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அது டெல்லிக் கணக்கு என்றால், கரண்ட் பில் சென்னைக் கணக்கு. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியது, 2024 ஜூலையில் வீடுகளுக்கு மறுபடியும் ஏறியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், கோடையில் 500 யூனிட்டைத் தாண்டினால் முன்னால் ஓடிய சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விகிதம் மாறிவிடும். 499-க்கும் 501-க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021-ல் தி.மு.க. தேர்தல் அறிக்கையிலேயே எழுதியது என்றால், இந்தச் சின்ன விஷயம் எத்தனை வீட்டில் பேச்சாக இருந்திருக்கும், பாருங்கள்.

சரி, மாமியார். அவருக்கு எழுபது வயது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அறுபதுகளின் அரிசிப் பஞ்சத்தில் அவர் சின்னக் குழந்தை. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று 1967-ல் தி.மு.க. சொன்னது சும்மா எடுபடவில்லை. இந்தி எதிர்ப்பும் இருந்தது, ஆனால் அரிசி கிடைக்காத வீட்டின் கோபமும் சேர்ந்துதான் காங்கிரஸை இறக்கியது. அண்ணா ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் மட்டுமே தொடங்க முடிந்தது. அப்படியும் காங்கிரஸ் இங்கே திரும்பத் தன் ஆட்சியை அமைக்கவே இல்லை. அந்தக் காலத்தைப் பார்த்தவருக்கு, 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசமாக வருவது சாதாரண விஷயமா? அவர் இன்றைய வாழ்க்கையை வைத்துப் பார்ப்பது அந்தப் பஞ்ச காலத்தோடு. நீங்கள் வைத்துப் பார்ப்பது போன வருடத்து பில்லோடு. இரண்டு பேர் கணக்கும் சரிதான். தொடங்குகிற இடம் வேறு.

2023-ல் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான். உங்கள் வீட்டில் அது யார் கணக்கில் விழுகிறது? அதையும் யோசித்துப் பாருங்கள். பணம் வாங்கியதால் ஓட்டு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது பெண்களை அவமதிப்பது. தன் பெயரில் பணம் வரும்போது, நாம் படுகிற பாடு யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது என்ற எண்ணம் வரும். அது பெரிய எண்ணம்.

எனக்குக் கவலை தருவது வேறு. பள்ளிக் கட்டணமும் வாடகையும்தான் சம்பளத்தில் பாதியைத் தின்கிறது. அதற்கு யாரைக் கைகாட்டுவது என்று தெரியாததால் மேடையில் யாரும் பேசுவதில்லை. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-லேயே சட்டம் வந்துவிட்டது, அதற்கென்று ஒரு குழுவும் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம், எங்கள் பள்ளிக்குக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு, ரசீதில் இருக்கிற தொகை எவ்வளவு என்று நீங்களும் மாமியாரும் சேர்ந்தே கேளுங்கள். என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.