அழாத பிள்ளைக்கும் பால்

(செட்டிநாட்டு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, ஊர்க்கோவில் காரியக்காரர்களே, கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இந்த நாளுக்காகவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரத்தார் பெருமக்களே, ஆச்சிமார்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்னொருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் அம்மா கூட்டத்தின் கடைசியில் நிற்கிறார்கள். அம்மா, தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள். நான் பேசப்போகும் செய்தியில் உங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தலைவர் அவர்கள் அனுமதித்தால் அவருக்கு அணிவித்த பொன்னாடையைப் போல ஒன்றை இந்த அம்மாவுக்கும் அணிவிக்கலாம். மிக்க நன்றி. ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள் வேறொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தும் என் பேச்சு முடியும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கும் நன்றி.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று ஆச்சிமார்கள் சொல்வார்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அது சரி. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை அழாது. பசித்தாலும் சொல்லாது. வீட்டில் அடி விழுந்தாலும் சொல்லாது. கரும்பலகை எழுத்து தெரியாவிட்டால் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு பேசாமல் இருக்கும். அந்த அழாத பிள்ளைக்குப் பால் கிடைக்கப் பள்ளி என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது? இதுதான் என் கேள்வி.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, ஆசிரியர்களுக்கான வாரத் தாள். இரண்டு, பிள்ளைகளுக்கான துணை. மூன்று, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அச்சம்.

வாரத் தாள் என்பது ஒரே ஒரு ஏ4 தாள், அதிலும் ஒரு பக்கம்தான். ஆசிரியர் அறை மேசையில் ஒரு நோட்டு கிடக்கட்டும். புதன், வியாழன் இரண்டு நாளும் ஒவ்வொருவரும் தம் செய்தியை ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். வியாழன் மாலையோடு நோட்டை மூடிவிட வேண்டும். வெள்ளி காலை ஒரு பாடவேளையில் தொகுத்து, பிற்பகல் 3 மணிக்குள் எல்லோர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். ஏன் வெள்ளி? திங்கள் காலையில் வழிபாட்டுக் கூட்டம், வருகைப்பதிவு, எமிஸ் என்ற அரசுக் கல்வி இணையதளத்தில் பதிவேற்றம் என்று யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. வெள்ளியன்று உதவித்தொகைச் செய்தி கிடைத்தால் சனிக்கிழமை பெற்றோர் இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடலாம். திங்களன்று கிடைத்தால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அலைய வேண்டும்.

தாளைத் தலைமையாசிரியர் எழுத வேண்டாம். அவரைச் சிவகங்கைக்கும் வட்டாரக் கூட்டத்துக்கும் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். ஓர் ஆசிரியர் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும், அவர் இல்லாத வாரத்துக்கு இன்னொருவரை இப்போதே எழுதிவைத்துவிடுங்கள். பொறுப்பாளர் பயிற்சிக்குப் போனதும் தாள் நிற்கும். இரண்டு மூன்று வாரம் நின்றால் பிறகு யாரும் அதைத் தேட மாட்டார்கள். இந்த முயற்சி பல பள்ளிகளில் இப்படித்தான் செத்துப்போகிறது.

தாளில் நான்கு கட்டம். முதல் கட்டம் அடுத்த வார நாள்காட்டி. அரசு விடுமுறையை மட்டும் போட்டால் போதாது. சிராவயல் மஞ்சுவிரட்டு, குன்றக்குடித் தைப்பூசம், காரைக்குடி கொப்புடையம்மன் கோவில் தேர், வளர்பிறை முகூர்த்தம் எல்லாம் அதில் ஏற வேண்டும். இந்தப் பக்கத்தில் கல்யாணச் சமையலுக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. பெரிய முகூர்த்த நாளில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு வகுப்புத் தேர்வு வைத்தால் பாதிப் பேருக்கு மறுதேர்வு வைக்க நேரும். இரண்டாம் கட்டத்தில் யார் பயிற்சி, யார் விடுப்பு, அவர் பாடவேளைக்கு யார். மூன்றாம் கட்டம் உதவித்தொகைகள்: கடைசி நாள், வேண்டிய சான்றுகள், பொறுப்பாசிரியர் பெயர். நான்காம் கட்டத்தில் பிள்ளைகளின் நற்செய்தி. மாவட்டப் பரிசுதான் வேண்டும் என்பதில்லை, முதல்முறையாக ஒரு பக்கம் பிழையில்லாமல் வாசித்தவன் பெயரும் வரட்டும்.

கஷ்டத்தில் இருக்கும் பிள்ளையின் பெயர் மட்டும் அந்தத் தாளில் வரவே கூடாது. அதற்குத் தலைமையாசிரியரின் பூட்டிய இழுப்பறையில் தனிக் குறிப்பேடு வேண்டும். அதில் பார்த்ததை எழுத வேண்டும், ஊகத்தை எழுதக் கூடாது. ‘வீட்டில் பிரச்சினை போல’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘மூன்று நாளாகக் கடைசி மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள்’ என்று எழுத வேண்டும். அதன் எதிரில் யார் பேசப்போகிறார், எந்தத் தேதிக்குள் என்ற இரண்டும் இருக்க வேண்டும். பாலியல் தொல்லை என்ற ஐயம் வந்தால் குறிப்பேட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது தாள் எதற்கு என்று கேட்பார்கள். காலை வணக்கப் படங்களுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் நடுவில் போன செய்தி ஒருநாளில் மேலே போய்விடும். சத்துணவுக் கூடத்துக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அந்தக் குழு போய்ச் சேராது. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த காலத்தில் நம் ஊர் முதலாளிகள் இங்கே முகப்பில் உட்கார்ந்து, அங்கிருந்து ஏஜெண்டுகள் அனுப்பிய கணக்கைப் பார்த்தே தொழிலை நடத்தினார்கள். ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, போடாத கடை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கு வாரத் தாள்தான் ஐந்தொகை.

தாள் இல்லாததால் என்ன ஆகிறது? பக்கத்துப் பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அம்மா பலகாரம் போடுகிற வீட்டில் வேலை. தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை என்று விடிகாலையிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற அம்மா. வீட்டில் மகளும் அப்பத்தாவும். அந்தப் பெண் எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் தேர்வு எழுதினாள். தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. கடினமான தேர்வுதான், அவள் தேறினாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை மாதம் 1000, ஆண்டுக்கு 12,000 ரூபாய். முதல் ஆண்டுப் பணம் வங்கியில் விழுந்தது. அப்பத்தா தெருவெல்லாம் சொல்லிவந்தார்: ‘எம் பேத்தி சம்பாதிக்கிறா!’

பத்தாம் வகுப்பில் பணம் வரவில்லை. ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஆசிரியர் கலந்தாய்வில் மாறுதலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் யாரும் சொல்லவில்லை, பள்ளியில் எழுத்தாகவும் ஒன்றுமில்லை. அம்மா, ‘கவர்மெண்டு நிப்பாட்டிருச்சு’ என்று நினைத்தார். அந்தப் பெண் என்ன நினைத்தாள் தெரியுமா? அரையாண்டில் கணக்கில் மார்க் குறைந்தது, அதனால்தான் பணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தாள். வெட்கம். யாரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மாவிடம்கூட மார்க்கைச் சொல்லவில்லை. பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு வந்தபோது, வங்கிப் புத்தகத்தைப் பார்த்த டீச்சர், ‘ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?’ என்றார். அவள் சொன்னாள்: ‘கேட்டா, நீ ஒழுங்காப் படிக்கலன்னு சொல்லிருவீங்கன்னு பயமா இருந்துச்சு டீச்சர்.’

ஐயா, அழுத பிள்ளை பால் குடிக்கும். இந்தப் பிள்ளை அழவில்லை. 12,000 ரூபாய் போயிற்று. தன்னைத் தகுதியில்லாதவள் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தாளே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

புதுப்பித்தல் திறக்கும் நாளிலிருந்து மூடும் நாள்வரை ஒவ்வொரு வெள்ளியும் வாரத் தாளில் அந்த வரி வந்திருந்தால் இது நடந்திராது. இன்னும் இரண்டு வேலை உண்டு. ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று எட்டாம் வகுப்பிலேயே பார்த்துவிட வேண்டும். ஒன்றில் தலைப்பெழுத்தும் மற்றதில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே சிக்கும். நகல்களை ஆசிரியர் பையில் வைக்கக் கூடாது. பிள்ளைக்கு ஓர் உறை போட்டு வகுப்போடு நகர்த்த வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுத்தால்தான் மேல்நிலையிலும் தொகை தொடரும். பட்டியல் இன, பழங்குடி மாணவருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. இதைப் பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி, ஐந்தாம் வகுப்புவரை பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். ஆறாம் வகுப்புக்கு நம் பள்ளிக்கு வந்ததும் அந்தக் காலைச் சோறு நின்றுவிடுகிறது. பிள்ளை அதே பிள்ளை, வயிறும் அதே வயிறு. வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதை. திங்கட்கிழமை மதியம் இரண்டாம் முறை தட்டை நீட்டுகிற பிள்ளை யார் என்று இந்த அமைப்பாளர் அம்மாவுக்குத் தெரியும். வெள்ளி மதியத்துக்குப் பிறகு அது ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இந்தச் செய்தி இன்றுவரை ஆசிரியர் அறைக்கு வந்து சேரவில்லை. வாரம் ஒன்றாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அடுத்த வாரம் பிள்ளை அதைச் சன்னல் வழியே எறிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வராத பிள்ளைக்கும் ஒரு முறை வேண்டும். முதல் நாள் தோழனிடம் கேட்க வேண்டும், இரண்டாம் நாள் தொலைபேசி, மூன்றாம் நாள் ஒருவர் வீட்டுக்கே போக வேண்டும். பதிவேட்டிலுள்ள எண் பெரும்பாலும் ரீசார்ஜ் தீர்ந்த எண்ணாக இருக்கும். அதனால் பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் பருவத்துக்கு ஒருமுறை வாங்கிவையுங்கள்.

இனி, பெரியவர்களே, நான் எந்த மேடையிலும் விடாமல் கேட்கிற ஒன்றைக் கேட்கிறேன். பிள்ளையிடம் ‘மாலை 6 மணிக்கு மேல் எங்கே உட்கார்ந்து படிக்கிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒற்றை அறை வீடு, ஒரு விளக்கு, ஒரு தொலைக்காட்சி. அதே தெருவில் இந்தக் கோடியிலிருந்து அடுத்த தெருவரை நீளுகிற வீடு பூட்டிக் கிடக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த மண் இது. 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். உங்களிடம் நிலமோ லட்சங்களோ கேட்கவில்லை. முகப்புத் திண்ணையைக் கேட்கிறேன், மாலை 6 முதல் 8 வரை.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியும். வீட்டில் பத்துப் பதினைந்து பங்காளிகள், ஒருவர் சரி என்றால் ஒருவர் மாட்டார். ஆகவே எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே திறக்க வேண்டும், ஓராண்டுக்கு மட்டும். உள்ளே வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு, போகும் கதவு பூட்டியே இருக்கட்டும். தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல் கீறிவிடும் என்றால் பெஞ்சு வேண்டாம், கோரைப்பாய் போதும். மின்கட்டணமா? 20 வாட் எல்இடி குழல்விளக்கு நான்கு, 70 வாட் மின்விசிறி மூன்று, ஆக 290 வாட். இரண்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதத்தில் 50 நாள் எரிந்தால் 29 யூனிட். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை.

கழிப்பறைதான் உண்மையான சிக்கல். நம் வீடுகளில் அது கடைசிக் கட்டுக்கு அப்பால் இருக்கும். அவ்வளவு தூரம் பிள்ளைகளை உள்ளே விட முடியாது. பின்வாசல் வழியே தனியாகத் திறக்கலாம், இல்லாவிட்டால் பள்ளிக்குப் பக்கத்திலுள்ள வீட்டைத் தேர்ந்தெடுத்துப் பள்ளிக் கழிப்பறையைத் திறந்துவைக்கலாம். பெண் பிள்ளைகள் வர வேண்டுமானால் இது இல்லாமல் நடக்காது. எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். தெருக்கதவு திறந்தே இருக்க வேண்டும். எந்தப் பிள்ளை யாரோடு வீடு திரும்புகிறது என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு திண்ணைக்கு 20 பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். முதல் மாதத்தில் யாருக்கும் பாடம் நடத்தாதீர்கள். வீட்டுப்பாடம் முடிக்க இடமும் வெளிச்சமும் கிடைத்தாலே பிள்ளை வரும். வகுப்பை இரண்டாம் முறை நடத்தினால் நின்றுவிடும். யார் வந்தார், யார் நின்றார் என்பது வெள்ளிக்கிழமை வாரத் தாளில் எண்ணிக்கையாக வர வேண்டும்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பொதுத்தேர்வு அச்சத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன், அது இன்னொரு மேடைக்கு இருக்கட்டும்.

வாசலில் போட்டிருக்கும் மேசையில் ஒரு படிவம் இருக்கிறது. வீட்டு விலாசம், பங்காளிகள் எத்தனை பேர், சாவி யாரிடம், மின் இணைப்பு உயிரோடு இருக்கிறதா, பின்வாசல் உண்டா என்று ஐந்தே கேள்விகள். வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் ஊர் திரும்பும் முன் நிரப்பிக் கொடுத்தால், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் திங்களன்று முதல் திண்ணையில் பாய் விரித்துவிடலாம். மேசையருகே கணக்கு ஆசிரியர் இருக்கிறார்கள், சந்தேகங்களை அவர்களிடம் கேளுங்கள். நன்றி, வணக்கம்.