அப்பாவின் எலெக்ட்ரிக் கிட்டார்: எதைச் சரிசெய்வது, எதைத் தொடாமல் விடுவது

[காட்சி: மேசை மீது பழைய கிட்டார். உடலின் மேல்விளிம்பு மிக நெருக்கத்தில்.]

பரணிலிருந்து ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை இறக்கியிருக்கிறீர்கள். அப்பா வாசித்தது, அல்லது இன்று நம்மோடு இல்லாத அண்ணன் வாசித்தது. தந்திகளில் துரு. ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் கரகரவென்று இரைச்சல். புதுப்பிக்க வேண்டும் என்று தோன்றியதும் பலரும் வாங்கி வருவது உப்புத்தாளும் பெயின்ட்டும்தான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இந்த இடத்தைப் பாருங்கள். வாசிப்பவரின் வலது முன்கை உராயும் விளிம்பு. மேல் நிறம் தேய்ந்து, அடிப்பூச்சும் தேய்ந்து, மரமே தெரிகிறது. கிட்டாரின் கழுத்தான நெக்கின் பின்புறம் இடது கட்டைவிரல் ஓடி ஓடி வழவழப்பாகியிருக்கிறது. நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில் முதல் மூன்றில் மட்டும் தந்தி அழுந்திய பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றன. இவர் தனி வாசிப்பைவிடப் பாட்டுக்குக் கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) பிடிப்பதையே அதிகம் செய்திருக்கிறார். அவர் கை எங்கே இருந்தது என்பதற்கு நம்மிடம் இருக்கும் நேரடிச் சான்று இதுதான். உப்புத்தாள் பட்டால் பத்தே நிமிடத்தில் அது போய்விடும். பணக்கணக்கிலும் நஷ்டம்தான். 1950, 60களின் அசல் கிட்டார்களுக்கு மறுபூச்சு அடித்தால் சந்தை விலை ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

ஆகவே முதலில் மின்சுற்று, அடுத்து நெக், கடைசியில் துடைப்பு. பூச்சு வேலை கிடையவே கிடையாது.

[காட்சி: கேபிள் முனையில் மல்டிமீட்டர்.]

கிட்டாரைத் திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகுங்கள். மின்தடையை அளக்கும் நிலையில் மல்டிமீட்டரை வைத்து, மறுமுனைப் பிளக்கின் நுனியில் அதன் ஒரு கம்பியையும், பிளக்கின் தண்டுப் பகுதியில் மற்றொன்றையும் வையுங்கள். வால்யூம் முழுவதும் திறந்திருக்கட்டும். தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். எது ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை மாற்றி மாற்றி ஒவ்வொரு பிக்கப்பையும் தனித்தனியே அளவிடுங்கள். ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகை என்றால் பெரும்பாலும் 5 முதல் 7 கிலோ ஓம் காட்டும். இரண்டு சுருள் கொண்ட ஹம்பக்கர் என்றால் 7 முதல் 9 வரை. 200 கிலோ ஓமுக்கு மேல் எகிறினால் அந்தப் பிக்கப்பின் சுருள் அறுந்திருக்கக்கூடும். மீட்டர் அப்போது காட்டுவது வால்யூம் குமிழின் மின்தடையை. மீட்டர் தொடர்பே இல்லையென்று காட்டினால், கேபிள் செருகும் ஜாக்கையோ பற்றவைப்பு விட்டுப்போன ஒரு கம்பியையோ தேடுங்கள்.

சுருள் அறுந்துவிட்டதென்று பிக்கப்பைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர், தலைமுடி அளவுதான். ஈரமும் வியர்வை உப்பும் பட்டுக் களிம்பேறினால் அது அறுந்துபோவதில் வியப்பில்லை. அதே காந்தத்தில், அதே சட்டத்தில் புதிய கம்பி சுற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் அது அப்பாவின் பிக்கப்பாகவே இருக்கும்.

கரகரப்புக்குப் பெரும்பாலும் குமிழ்களே காரணம். உள்ளே கரிப்பூச்சுள்ள ஒரு வளையத்தின் மேல் உலோக நாக்கு ஒன்று நகர்கிறது. இடையில் அழுக்கு சேர்ந்தால் தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு விடாத கான்டாக்ட் கிளீனரைச் சிறு துளை வழியே பீய்ச்சி, குமிழை முப்பது நாற்பது முறை இரு பக்கமும் திருப்புங்கள். அப்படியும் தீராவிட்டால் மாற்றலாம். கழற்றிய குமிழை ஒரு உறையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு திருகுக்கும் இதே விதிதான்.

நெக்கைச் சரிபார்க்க, தடிமனான தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே 0.25 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால் நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, தந்திகளை மீண்டும் சுருதி சேர்த்துப் பாருங்கள். பழைய ராட் திரும்ப மறுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கைதேர்ந்தவரிடம் கொண்டு போங்கள். உள்ளே அது முறிந்தால் நெக்கின் மேல் ஒட்டியிருக்கும் விரல்பலகையையே பெயர்த்தெடுக்க வேண்டிவரும்.

[காட்சி: ரெட் ஸ்பெஷல் கிட்டாரின் படம்.]

குடும்பக் கிட்டாரைப் பேணுவது பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயின் ரெட் ஸ்பெஷல் கிட்டார். 1963இல், தம் 16 வயதில், தந்தை ஹரால்டுடன் சேர்ந்து லண்டன் புறநகரில் இருந்த வீட்டிலேயே அவர் இதைச் செய்யத் தொடங்கினார். நெக், ஒரு பழைய கணப்படுப்பின் மேல்சட்ட மரம். வண்டு துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். சுருதியை அசைத்து வாசிக்க உதவும் நெம்புகோல் அமைப்பான ட்ரெமலோவில் இருப்பவை மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். ஃபிரெட் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் அடிபட்ட அந்தக் கிட்டாரை 1998இல் ஆஸ்திரேலியக் கைவினைஞர் கிரெக் ஃப்ரையர் சீரமைத்தார். அதற்கு முன்பே அதன் நகல்களைத் தன் கையால் செய்து, உள்ளமைப்பைக் கற்றுக்கொண்டிருந்தவர் அவர். கணப்படுப்பு மரமும் வீட்டில் செய்த ட்ரெமலோவும் இன்றும் அப்படியே இருக்கின்றன. நம்மால் நகல் செய்ய முடியாது. ஆனால் ஒரு திருகைத் தொடுமுன் எல்லாக் கோணங்களிலும் படமெடுக்க முடியும். பழைய தந்திகளை வீசுமுன் அவற்றின் தடிமனை அளந்து குறித்துக்கொள்ள முடியும். உங்கள் அப்பாவோ அண்ணனோ எந்தத் தடிமனில் வாசித்தாரோ அதே தடிமனில் புதிய தந்தி பூட்டினால் நெக்கின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டு என்ற சிறு பட்டையின் பள்ளங்களில் சரியாக உட்காரும்.

துடைப்பதற்கு லேசாக ஈரமாக்கிய பருத்தித் துணி போதும். தின்னர், அசிட்டோன், ஸ்பிரிட் எதுவும் கிட்டாரின் அருகே வரக்கூடாது. பழைய கிட்டார்களில் அடித்திருக்கும் நைட்ரோ செல்லுலோஸ் என்ற வகைப் பூச்சு அவற்றில் கரைந்துவிடும். ரோஸ்வுட் விரல்பலகை வறண்டிருந்தால் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் தடவி உடனே துடைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சாதாரண ரப்பர் ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள். ரப்பரில் உள்ள வேதிப்பொருள் நைட்ரோ பூச்சை இளக வைக்கும். சுவரில் மாட்டுவதானால் கொக்கியில் பருத்தித் துணி சுற்றி மாட்டுங்கள்.