கெர்ரியில் ஒரு வாடகை வீடு: பெரிய குடும்பத்தோடு அயர்லாந்து

நேயர்களுக்கு வணக்கம். மகளோ மகனோ டப்ளினில் செவிலியராகவும் மென்பொருள் பொறியாளராகவும் வேலை பார்க்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் இன்று நிறைய இருக்கின்றன. பிள்ளையைப் பார்க்கப் போகும் பயணத்தையே தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, பேரக்குழந்தைகள் என்று எல்லோரும் சேர்ந்து கழிக்கும் விடுமுறையாக ஆக்கிக்கொள்ள நினைக்கிறவர்களுக்காகப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீவு முழுவதையும் ஒரே வாரத்தில் சுற்றிக் காட்டும் பயணத் திட்டங்கள் இளம் தம்பதியருக்குச் சரிப்படலாம். பெரிய குடும்பத்துக்கு ஒத்துவராது. டப்ளினில் பிள்ளையோடு சில நாட்கள் இருந்துவிட்டு, மேற்கே கெர்ரி மாவட்டத்தில் ஒரு வாரத்துக்கு ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குவதுதான் நல்லது. அந்த நாட்டில் பார்க்கத்தக்கவற்றில் பாதி அங்குள்ள மனிதர்கள்தாம். தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்க்கிறவர்களுக்கு அவர்களோடு பேச நேரம் கிடைப்பதில்லை.

காலம் எது என்றால் மே மாதம். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையும் அயர்லாந்தின் வெளிச்சமான பருவமும் அப்போது ஒன்றாக அமைகின்றன. நாட்டின் பெரும்பகுதியில் மே, ஜூன் மாதங்களில்தான் வெயில் அதிகம், அதாவது சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்து முதல் ஆறரை மணி நேரம். மே கடைசியில் கெர்ரியில் சூரியன் மறைய இரவு ஒன்பதரைக்கு மேல் ஆகிவிடும். அவர்களுடைய பள்ளிகளுக்கு அதுவரை விடுமுறை தொடங்காததால் வீட்டு வாடகையும் ஜூலை, ஆகஸ்டு அளவுக்கு ஏறியிருக்காது. மழை எந்த மாதத்திலும் உண்டு. குடையைக் காற்று பறித்துவிடும் என்பதால் ஆளுக்கொரு மழைச்சட்டை வாங்கிவிடுங்கள்.

விசா விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்து ஷெங்கன் நாடுகளில் ஒன்று அன்று. பிரான்சுக்கோ ஜெர்மனிக்கோ வாங்கிய விசா அங்கே செல்லாது. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாக விண்ணப்பிக்கலாம். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்ணப்பம் வேண்டும். ஜயண்ட்ஸ் காஸ்வே கற்பாறைகளையோ பெல்ஃபாஸ்டையோ பார்க்கும் ஆசை இருந்தால் அதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். அவை வட அயர்லாந்தில், பிரித்தானிய ஆட்சியில் இருக்கின்றன. அங்கே நாணயம் யூரோ அல்ல, பவுண்டு. சாலையில் எல்லைச் சாவடியோ காவலரோ இல்லை, யாரும் தடுத்து நிறுத்துவதில்லை. ஆனாலும் அதைக் கடக்கும் இந்தியக் குடிமகனுக்கு அந்தப் பக்கத்துக்கான அனுமதி சட்டப்படி தேவை. இதற்கென்றே இரு நாடுகளும் சேர்ந்து பி.ஐ.வி.எஸ். (பிரித்தானிய-ஐரிஷ் விசாத் திட்டம்) என்ற ஏற்பாட்டை இந்தியர்களுக்கு வைத்திருக்கின்றன. அந்தக் குறிப்போடு கிடைக்கும் விசா இரண்டு பக்கமும் செல்லும்.

இனி வீடு. கிராமப்புற வாடகை வீடுகள் கோடையில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்ற கணக்கில்தான் கிடைக்கும். எத்தனை பேருக்கு என்று எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான் தங்க வேண்டும். ‘கூட இரண்டு பேர்தானே, தரையில் பாய் விரித்துக்கொள்ளலாம்’ என்பது நம் வழக்கம். வீட்டுக்காரரிடம் சொல்லாமல் அங்கே அப்படிச் செய்தால் அது ஏமாற்று. முன்கூட்டிக் கேட்டால் பல நேரங்களில் அவரே ஒரு கட்டிலைக் கொண்டுவந்து போடுவார். பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறையும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று பணம் கட்டுவதற்கு முன் எழுதிக் கேளுங்கள். படங்களில் படிக்கட்டு தெரியாது.

அந்த வீடுகளில் நம்மவர்களைத் தடுமாற வைப்பது வெந்நீர். பழைய வீடு என்றால் குளியலறைக்குப் பக்கத்தில் துணி அடுக்கும் அலமாரி ஒன்று இருக்கும். அதற்குள் கனத்த உறை போர்த்திய செம்பு உருளை நிற்கும். அருகில் உள்ள சுவிட்சில் ஒரு பக்கம் ‘சிங்க்’ என்றும் மறு பக்கம் ‘பாத்’ என்றும் போட்டிருக்கும். ‘சிங்க்’ பக்கம் தள்ளினால் உருளையின் மேற்பகுதித் தண்ணீர் மட்டும் சூடாகும். பாத்திரம் கழுவ அது போதும். ‘பாத்’ பக்கம் தள்ளினால் முழு உருளையும் சூடாகும், அதற்கு நேரமும் மின்சாரமும் நிறைய வேண்டும். இரவு முழுவதும் அதை அணைக்காமல் விட்டுவிடுவது அயர்லாந்துக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் திட்டு வாங்கித் தரும் குற்றம். ஒரே காலையில் பத்துப் பேர் தலைக்குக் குளிக்க முடியாது. பாதிப் பேர் காலையிலும் மீதிப் பேர் மாலையிலும் என்று முதல் நாளே பிரித்துக்கொண்டால் மருமகள்களுக்குள் மனத்தாங்கல் வராது. வாளியும் குவளையும் அங்கே கிடையா. பெரியவர்களுக்கு அவை இல்லாமல் முடியாது என்றால் டப்ளினிலேயே வாங்கிக்கொண்டு போகலாம்.

சமையலறையில் காய்ந்த மிளகாயைத் தாளித்தால் புகையெச்சரிக்கை மணி அலறும். நடைவழிக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தாளியுங்கள். மணியின் பேட்டரியைக் கழற்றுவது ஆபத்து, ஒப்பந்தத்துக்கும் விரோதம். அரிசி, பருப்பு, புளி எல்லாம் டப்ளினில் உள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கும், அங்கே நிரப்பிக்கொண்டு மேற்கே கிளம்ப வேண்டும். ஊரிலிருந்து மூட்டை கட்டுகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளட்டும்: நெய், பால் பொருட்கள், இறைச்சி ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணப் பெட்டியில் கொண்டுவரத் தடை இருக்கிறது, பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சைவர்கள் வெளியில் சாப்பிடும்போது காய்கறி சூப்பிலும் கோழிச்சாறு சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சோடா ரொட்டியும் வெண்ணெயும் வயிறு நிறைக்கும். சிற்றூர்களில் இரவு ஒன்பதுக்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள், நம் சாப்பாட்டு நேரத்தைச் சற்று முன்தள்ள வேண்டியதுதான்.

வண்டி விஷயத்தில் என் யோசனை: பெரிய வேன் ஒன்றைவிடச் சிறிய கார்கள் இரண்டு மேல். சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது இருக்கை வரைதான் ஓட்டலாம். அதற்கு மேல் போனால் ஓட்டுநரோடு வாடகைக்கு எடுக்க வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் சாலை. கெர்ரியின் உட்சாலைகள் பலவற்றில் ஒரு வண்டி போகத்தான் இடம் உண்டு; இரு பக்கமும் கற்சுவரும் வேலியும், நடுவில் சில இடங்களில் புல். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்குமிடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்னோக்கிப் போக வேண்டும். ஒலிப்பானை அடிப்பது அங்கே சண்டைக்கு அழைப்பது போல. வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே ஆட்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார்கள். முன்பின் தெரியாதவர் எதிரில் வந்தாலும் இந்த வணக்கம் உண்டு. நீங்களும் விரலை உயர்த்துங்கள். நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். கிராமத்து உட்சாலைகளின் வேக வரம்பை 2025 பிப்ரவரியில் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைத்திருக்கிறார்கள், அந்த 60ஐயும் தொடுவது சிரமம். 150 சென்டிமீட்டர் உயரமும் 36 கிலோ எடையும் எட்டாத குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ள முடியாது.

கெர்ரியின் கில்லார்னி ஊரை மையமாக வைத்துக்கொண்டால் எல்லா வயதினருக்கும் ஏதாவது இருக்கும். அங்குள்ள தேசியப் பூங்கா 1932இல் உருவானது, அந்நாட்டின் முதல் பூங்கா. முழங்கால் வலியுள்ளவர்கள் குதிரை வண்டியில் ஏரிக்கரையையும் மக்ரோஸ் மாளிகையையும் சுற்றி வரலாம். வாடகையை ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும், அது அவர்களுக்கும் மரியாதைதான். இளையவர்கள் அன்று ஸ்கெல்லிக் மைக்கேல் தீவுக்குப் படகில் போகட்டும். பழைய துறவிகளின் கல்குடில்களைப் பார்க்க அங்கே அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளைக் கைப்பிடி இல்லாமல் ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் படகே போகாது. தாத்தாவை அங்கே கூட்டிப்போகும் எண்ணம் வேண்டாம். கெர்ரி வளையம் எனப்படும் 179 கிலோமீட்டர் சாலையை ஒரே நாளில் சுற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வளைவுகளில் குழந்தைகளுக்கு வாந்தி வரும். டிங்கிள் தீபகற்பத்தின் மேற்கு முனையில் ஐரிஷ் மொழியே அன்றாடப் பேச்சு. அங்கே சில வழிப்பலகைகளில் ஊர்ப் பெயர் ஐரிஷ் மொழியில் மட்டும் இருக்கும்; டிங்கிளின் ஐரிஷ் பெயர் ‘டேங்கன் ஈ கூஷ்’ என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனிப் பழக்கவழக்கங்கள். பப் என்றால் சாராயக்கடை என்று எண்ணிப் பெண்களும் பெரியவர்களும் ஒதுங்கிவிடுவது இழப்பு. சிற்றூரில் அதுதான் சாப்பாட்டு இடம், ஊர்த் திண்ணை, இசை அரங்கு எல்லாம். 2004 மார்ச் முதல் உள்ளே புகைபிடிக்கவும் தடை. தேநீர் கேட்டால் தேநீர் தருவார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் இரவு ஒன்பது மணிக்குள், மே முதல் செப்டம்பர் வரை பத்து மணிக்குள், வெளியேறிவிட வேண்டும் என்பது சட்டம். கடைக்காரர் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். யாராவது உங்களுக்கு ஒரு பானம் வாங்கிக் கொடுத்தால் அடுத்த முறை வாங்குவது உங்கள் பொறுப்பு. ஆரஞ்சுச் சாறு மட்டுமே குடிக்கிறவருக்கும் இது பொருந்தும். மூலையில் பிடிலும் புல்லாங்குழலும் வைத்துக்கொண்டு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை என்பதால் அது கச்சேரி இல்லை என்று நினைக்கக் கூடாது. அவர்களைச் சுற்றியுள்ள காலி நாற்காலிகள் பின்னால் வரும் வாத்தியக்காரர்களுக்கு உரியவை. குழந்தைகளை அங்கே உட்கார வைக்காதீர்கள். யாராவது வாத்தியமின்றித் தனியாகப் பாடத் தொடங்கினால் கூடம் முழுவதும் பேச்சை நிறுத்தும். நம் மேசையும் நிறுத்த வேண்டும்.

பேச்சில் அவர்கள் கேலிக்காரர்கள். உங்களைக் கிண்டல் செய்கிறார்கள் என்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். திருப்பிக் கிண்டல் செய்யலாம். பிள்ளையின் சம்பளம், வீட்டின் விலை, மதிப்பெண் ஆகியவற்றைப் பெருமையாகச் சொன்னால் முகத்தில் சிரிப்போடு கேட்டுக்கொண்டு மனத்தில் குறைத்து மதிப்பிடுவார்கள். கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்டா என்று கேட்கவே கூடாது. அயர்லாந்தை இங்கிலாந்தின் ஒரு பகுதி போலப் பேசுவது பெரும் பிழை. வடக்கே டெர்ரி என்றும் லண்டன்டெர்ரி என்றும் இரு பெயர் உள்ள நகரை எதிரில் இருப்பவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள். உருளைக்கிழங்கை வைத்து நகைச்சுவை வேண்டாம்: 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவினர் கப்பலேறினார்கள். கிராமத்துக் கிணற்றருகே கந்தல் துணிகள் கட்டிய மரத்தைக் கண்டால் அது பிள்ளை வரம் வேண்டி நாம் தொட்டில் கட்டும் மரத்தைப் போன்றது. குழந்தைகள் அவிழ்த்து விளையாடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயலின் படல் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுவிட வேண்டும்.

நமக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். யாரை யாருக்குத் தெரியும் என்று துருவுவதில் அவர்கள் நம்மவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1814இல் பிறந்தது ஆன்ட்ரிம் மாவட்டத்தில் என்றும், 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் ரோஸ்காமன் மாவட்டத்துப் பாய்ல் ஊரைச் சேர்ந்தவர் என்றும் சொல்லிப் பாருங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரைத் தெரியும் என்று யாராவது சொல்வார்கள், பேச்சு நீளும்.

அப்படிப் பேசியதில் வீட்டுக்குத் தேநீருக்கு அழைப்பு வரலாம். குடும்பத்தின் எண்ணிக்கையைச் சொல்லி, எத்தனை பேர் வரலாம் என்று கேட்டுக்கொண்டு போவதே முறை. பிஸ்கட் டப்பாவோ கேக்கோ கையில் இருக்கட்டும். ‘தேநீர் வேண்டாம்’ என்று முதலில் சொல்வீர்கள், வீட்டம்மா விடமாட்டார், இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்பார். வேண்டாம் என்ற முதல் பதிலை நம்மைப் போலவே அவர்களும் உபசாரமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை அவர்கள் காலைப் பார்த்து முடிவு செய்யலாம். கிளம்புகிறோம் என்று எழுந்த பிறகு கதவருகே ஒரு பேச்சு, வாசலில் ஒரு பேச்சு, கார் ஜன்னல் வழியே இன்னொரு பேச்சு என்று விடைபெறுவதற்கே அரை மணி நேரம் பிடிக்கும். அன்று மாலை வேறு எந்த இடத்துக்கும் நுழைவுச்சீட்டு வாங்கி வைக்காதீர்கள். வணக்கம்.