கல்யாண மண்டபத்தில் பின்வாசலைத் தேடியவர்கள்

(ஓய்வுபெற்று மறைந்த தீயணைப்போரின் குடும்பத்தார் தீத்தொண்டு வாரத்தில் கூடியபோது ஆற்றிய உரை)

அம்மாமார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

1944 ஏப்ரல் 14 அன்று, பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பலில் பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் சேர்ந்தே இருந்தன. பஞ்சு புகைந்தது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தவர்களில் 66 தீயணைப்பு வீரர்கள் வெடிப்பில் போனார்கள். அவர்களுக்காகத்தான் இந்த நாள். ஆனால் இந்த மேடையில் படமாக இருப்பவர்கள் தீயில் போனவர்கள் இல்லை. பென்ஷன் வாங்கி, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, வீட்டில் கண்மூடியவர்கள். அவர்களைப் பற்றி உங்களிடம் விசாரித்தால் முதலில் வருவது ஒரு புகார்தான்: “மனுஷன் ரொம்பப் படுத்துவார்!”

படுத்தினார்கள், உண்மைதான். ராத்திரி படுக்கும் முன் அடுப்படிக்குப் போய் ரெகுலேட்டரைத் திருகிப் பார்ப்பார்கள். அடுப்புக் குமிழை மட்டும் மூடினால் ரப்பர் குழாய்க்குள் இரவெல்லாம் கேஸ் நிற்கிறது. எலி கடித்தால் போதும். கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றும். விடிகாலையில் காபி போட வருகிறவர் சுவிட்சைத் தட்டுவார், அந்தப் பொறி போதும். “வாடை வந்தால் லைட்டைப் போடாதே, எரிகிற லைட்டை அணைக்கவும் செய்யாதே, ஜன்னலைத் திற” என்று அவர்கள் கத்தியது இதற்காகத்தான்.

கத்தியது என்றேன். பம்பு இயக்கியவர்கள் வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார்கள். இன்ஜின் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நின்ற காது அது. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது பெரிய வித்தை. பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் குழாய்க்குள் இருக்கும் காற்றை அது வெளியேற்ற, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி பத்து மீட்டர் ஏறலாம். நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டினாலே திணறும். உறிஞ்சுகுழாய் இணைப்பில் ஒரு வாஷர் காய்ந்து வெடித்திருந்தால், அந்த வழியே காற்று புகுந்து சொட்டுத் தண்ணீர்கூட ஏறாது. எதிரே குடிசை எரிந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு வேலை பார்த்தவர், வீட்டுக் குழாய் சொட்டும் முன்பே வாஷர் மாற்றினால் அதில் என்ன அதிசயம்?

கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் பின்வாசலைப் பார்ப்பார்கள். பந்தியில் மானத்தை வாங்குவதாகப் பிள்ளைகளுக்குக் கோபம். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். மண்டபத்து மாடியில் போட்டிருந்த ஓலைப் பந்தல் முகூர்த்த நேரத்தில் பற்றியது. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதே வருடம் ஜூலை 16, கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. ஓலை மேலே எரியும்போதே கீழே உதிரும்; படிக்கட்டு ஒன்றுதான் என்றால் கூட்டம் அங்கேயே அடைபடும். அந்த வருடத்துக்குப் பிறகு இவர்களுக்கு எந்த மண்டபமும் வெறும் மண்டபமாகத் தெரியவில்லை.

தீபாவளிக்கு லீவு கிடையாது. பிள்ளைகள் அப்பா இல்லாமலே பட்டாசு வெடித்து வளர்ந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு வந்த முதல் தீபாவளிக்கு வாசலில் நாற்காலி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பி ஒவ்வொன்றும் வாளிக்குள்தான் போகவேண்டும். பேரன் விரல் சுட்டுவிட்டால், பேஸ்ட் தடவ வரும் பாட்டியின் கையைத் தட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்தபடி நிற்பார். பையன் அழுவான், இவர் விடமாட்டார்.

சரி, பூப்போட வாருங்கள். பின்வாசல் சமையற்கட்டை ஒட்டி இருக்கிறது. குறுக்கே கிடந்த மேசையைக் காலையிலேயே நகர்த்தி வைத்துவிட்டோம்.